கூழாங்கல் நடந்த தடம்

நன்றாக மெருகேற்றிய லாபு சாயோங் பானை ஒன்றை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது அதன் தோளில் நீளமாக விழுந்திருக்கும் வெளிச்சக் கோடுதான். கழுத்தடியில் ஒல்லியாகத் தொடங்கி, தோளில் அகன்று, வயிற்று வளைவில் இறங்கி, அடியை எட்டுமுன் கருப்பில் கரைந்துவிடும். அந்தக் கோட்டின் ஓரத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அது நேராக இராது, மெல்ல நெளியும். விரல் அகலத்துக்கு ஒரு மேடு, அடுத்து ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு. பானை பாதி காய்ந்த பதத்தில் இருந்தபோது ஒரு பெண் கூழாங்கல்லை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போன தடம் அது. கல் எந்தப் பக்கமாகப் போயிற்று, எங்கே நின்றது, எங்கே அழுத்தம் குறைந்தது என்பதெல்லாம் அந்த ஓரத்தில் எழுதியிருக்கிறது.

போட்டிக் கண்காட்சிக்கும் நிதியுதவிக்கும் அனுப்புகிற மண்பாண்டப் படங்களில் நான் முதலில் தேடுவது இந்த நெளிவைத்தான். அது விழுந்திருந்தால் நின்று பார்ப்பேன். விழாவிட்டால், பானை எவ்வளவு பளபளத்தாலும் செய்த கையை விட்டு விலகிப் போனதாகவே தோன்றும்.

பேரா ஆற்றின் ஒரு கரையில் அரச நகரமான கோலகங்சார், எதிர்க்கரையில் சாயோங். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வழியாகப் பழைய சாலையில் போகலாம். வழி நெடுக ஒரு காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர், நிரை நிரையாக நின்றது. இப்போது பெரும்பாலும் செம்பனை. கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ 1877-இல் தன் மாளிகைத் தோட்டத்தில் பால்மரக் கன்றுகளை நட்டார். அவற்றில் மிஞ்சியது என்று ஒரு முதிய மரத்தை இன்றும் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் காட்டுகிறார்கள். நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மரம் இங்கே வேர்விடும் முன்பே எதிர்க்கரையில் மலாய்ப் பெண்கள் பானை செய்துகொண்டிருந்தார்கள். 1883-இல் தைப்பிங்கில் தொடங்கிய பேரா அருங்காட்சியகம்தான் நாட்டிலேயே பழமையானது. அதன் முதல் காப்பாட்சியரான லியோனார்ட் ரே, பேரா மலாய் மண்பாண்டங்களைப் பற்றி 1903-இல் லண்டன் மானுடவியல் கழக இதழில் தனிக் கட்டுரையே எழுதினார். பார்த்துப் பார்த்து விவரிக்கத் தகுந்த பொருள் என்று அன்றே ஒருவருக்குப் பட்டிருக்கிறது.

லாபு என்றால் சுரைக்காய். தண்ணீர் ஊற்றி வைக்கும் பானையின் வடிவமும் அதுதான்: ஒல்லிக் கழுத்து, உருண்ட வயிறு. அதிலும் பல சாதி உண்டு. லாபு பூச்சோங் ஒற்றை உடலாக நீண்டு நிற்கும். லாபு கெலுகோர் என்பது மீன்குழம்புக்குப் போடும் கெலுகோர் புளிப்பழத்தின் உருவம். மேலிருந்து கீழாக வரி வரியாகப் புடைத்திருக்கும். பழைய முறையில் குயச்சக்கரம் கிடையாது. கையால் கட்டி, தட்டித் தட்டி உருவேற்றி, மரத்தில் செதுக்கிய அச்சுகளால் மூங்கில் குருத்து, மகிழம்பூ போன்ற கோலங்களைப் பதித்து, கல்லால் மெருகேற்றுவார்கள். பிறகு சுடுவார்கள். நெருப்பிலிருந்து செக்கச்செவேலென்று எடுத்த பானையை அப்படியே நெல் உமிக்குள் புதைத்து மூடுவார்கள். காற்றுப் புகாமல் உமி கருகும். அந்தப் புகையின் கரி மண்ணின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கருப்பு மேலே பூசியதில்லை, உள்ளே குடியேறியது. அதனால் பழகிய தோசைக்கல்லின் அடக்கமான மினுமினுப்பு அதற்கு இருக்கும். கீழடியில் எடுத்த கருப்பு சிவப்புப் பாண்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது தூரத்து உறவாகத் தெரியும். அங்கே உள்பக்கமும் வாயும் கருப்பு, வெளியே சிவப்பு. இங்கே முழு உடம்பும் கருப்பு.

முழுக் கருப்பு என்றும் சொல்லிவிட முடியாது. உமி கெட்டியாக அணைத்த இடம் ஆழ்ந்த கருப்பு. காற்று சற்றே நுழைந்த இடத்தில் காப்பிக்கொட்டை நிறம் எட்டிப் பார்க்கும். சில இடங்களில் பென்சில் கரியின் உலோகச் சாயல் மின்னும். கையில் வைத்துத் திருப்பினால் இவை ஒவ்வொன்றாக வந்து போகும். படம் ஒரு கோணத்தில் நிற்கிற பொருள். வந்து போகும் இந்தச் சாயல்களில் எதை நிறுத்திக் காட்டுவது என்று தீர்மானிப்பதுதான் படமெடுப்பவரின் வேலை.

கருப்பு மெருகுப் பானையைப் படமெடுப்பது ஏன் கடினம் என்று புரிந்துகொண்டால் அதன் அழகும் புரியும். செம்மண் பானை தன்மேல் விழும் வெளிச்சத்தை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். எங்கிருந்து பார்த்தாலும் உருவம் தெரியும். கருப்பு அப்படிச் செய்யாது. விழுந்ததில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு, மெருகு பட்ட மேற்பரப்பில் மட்டும் கொஞ்சத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். ஆகவே நாம் பார்க்கிற உருவம் முழுவதும் எதிரொளிப்பு. ஜன்னல், சுவர், கூரை, நம் சட்டை, நம் தலை எல்லாம் சுருங்கி அந்த வயிற்றில் வளைந்து கிடக்கும். வெறும் பல்பைக் காட்டினால் அது ஒரு வெள்ளைப் புள்ளியாக எரியும். சுற்றியுள்ளது எல்லாம் இருண்ட ஓட்டையாகும். பெரிய வெள்ளைத் துணியை நடுவில் பிடித்து, விளக்கை அதன் ஒரு ஓரமாகச் சாய்த்தால், வெளிச்சம் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் பானையின் மேல் விழும். அந்த மங்கலில்தான் வளைவு பிறக்கிறது. எங்கே உடம்பு திரும்புகிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று கண் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.

எதிரொளிப்பே வேண்டாம் என்று சிலர் லென்ஸில் போலரைசர் மாட்டுவார்கள். பளபளக்கும் மெருகுள்ள வேறு பாத்திரங்களுக்கு அது உதவலாம். இங்கே அதை முழுவதும் திருப்பினால் பானை கத்தரித்து ஒட்டிய கருப்புக் காகிதமாகிவிடும். தோள் போய்விடும், வரி போய்விடும், கூழாங்கல்லின் தடமும் போய்விடும். எதிரொளிப்பைக் கழுவித் துடைத்த லாபுவை எனக்குப் பார்க்கவே பிடிப்பதில்லை.

இதற்கு ஈப்போவின் பழைய கடைவீடுகளைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். அவற்றின் முன்னே ஓடும் ஐந்தடி நடைபாதையை நினைத்துப் பாருங்கள். மேலே மாடி மூடியிருக்கிறது. உச்சி வெளிச்சம் இல்லை. உள்ளே கடை இருட்டு. தெருப்பக்கம் மட்டும் தூண்களுக்கு நடுவே திறந்திருக்கிறது. எதிர்வரிசைக் கடைகளின் வெளுத்த சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பக்கவாட்டில் நுழைகிறது. பானையை ஒரு தூணிலிருந்து இரண்டு எட்டு உள்ளே வைத்தால், இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட வாசல் அதன் தோளில் ஓர் ஒழுங்கான நீளக் கீற்றாக விழும். ஸ்டூடியோக்காரர்கள் ஸ்டிரிப் பாக்ஸ் என்று காசு கொடுத்து வாங்கும் வெளிச்சம் அது. பேராவின் வானமும் துணை நிற்கும். தைப்பிங் பக்கம் தீபகற்பத்திலேயே மழை அதிகம். கோலகங்சார் வரைக்கும் மேகம் இறங்கிக்கொண்டே இருக்கும். மேகம் மூடிய காலைப்பொழுதைப் பானைக்காரர்கள் சூளைக்குச் சபிக்கலாம். படத்துக்கு அதுவே வரம். வானம் முழுவதும் ஒரே டிஃப்யூசர்.

பழைய தோட்டத்துப் பால்மர நிழலிலும் பானையை வைத்துப் பார்க்கலாம். அழகாகத்தான் இருக்கும். இலைக்கூட்டத்தில் வடிகட்டி வரும் வெளிச்சம் பச்சை. மெருகில் இலைகள் துண்டு துண்டாக மிதக்கும். பிப்ரவரி வாக்கில் பால்மரம் இலை உதிர்க்கும்போது அதே இடம் ஒரேயடியாக வெளுத்துவிடும். இந்த அழகு விண்ணப்பத்துக்கு ஆகாது. நடுவர் பார்க்க வேண்டியது புகை விட்ட நிறத்தை. இலை விட்ட நிறத்தை அல்ல. செம்மண் பாண்டத்துக்கு இது இன்னும் கெடுதல். கோலசிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில் தமிழ்க் குயவர் குடும்பங்கள் சக்கரத்தில் வனையும் பொங்கல் பானையும் அகலும் சுட்ட மண்ணின் சிவப்பாலேயே பேசுபவை. பச்சை வெளிச்சம் பட்டால் அந்தச் சிவப்பு செத்துப் பழுப்பாகிவிடும். சாம்பல் அட்டை ஒன்றைப் பானைக்குப் பக்கத்தில் வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு கணினியில் வெண்மைச் சமனை அதைப் பார்த்துத் திருத்தலாம்.

சாம்பல் அட்டை கருப்புக்கு வேறொரு வகையிலும் காவல். கேமராவின் மீட்டருக்கு எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். சட்டம் நிறையக் கருப்புப் பானை நின்றால், "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைத் தூக்கிவிடும். உமிக் கருப்பு வெளிறி, நரைத்த சிமெண்டு நிறத்துக்கு வரும். மீட்டரை அட்டைக்குக் காட்டி அளந்தால்தான், இல்லையேல் ஒரு ஸ்டாப் அளவுக்குக் குறைத்தால்தான் கருப்பு தன் இடத்துக்குத் திரும்பும். போட்டிப் படங்களில் அடிக்கடி காணும் குறை இதுதான். பாவம், அந்தப் பானையைச் செய்தவர் கருப்புக்காக எவ்வளவு பாடுபட்டிருப்பார்!

இனி எங்கே நின்று எடுப்பது என்பது. கைப்பேசியின் அகன்ற லென்ஸோடு ஒரு முழ தூரத்தில் நின்றால், கிட்ட இருக்கும் வயிறு உப்பும். கழுத்தும் அடியும் சுருங்கி ஓடும். சுரைக்காய் பலாப்பழமாகிவிடும். நாலு எட்டுப் பின்னால் போய், தூர லென்ஸால் இழுத்து எடுத்தால் உருவம் தன் விகிதத்துக்கு வரும். போர்ட்ரெயிட் என்ற வசதியைத் தொடவே கூடாது. அது பின்னணியை மங்கலாக்குகிற சாக்கில் பானையின் விளிம்பையும் தின்றுவிடும். கேமராவாக இருந்தால் அபர்ச்சர் எஃப் 11 பக்கம் வைத்து முக்காலியில் நிறுத்தினால், முன்வயிற்றின் பூவிலிருந்து பின்பக்க ஓரம் வரை கூர்மையாக நிற்கும். அதற்கு மேலும் மூடிக்கொண்டே போனால் ஒளி சிதறி மறுபடி கூர்மை குறையும்.

உயரம் நுட்பமான விஷயம். லென்ஸ் பானையின் வாய்க்குச் சற்றே மேலே இருந்தால் வாய் ஒரு மெல்லிய நீள்வட்டமாகத் திறக்கும். உள்ளே ஓர் இடம் இருக்கிறது, தண்ணீர் நிற்க ஒரு வெற்றிடம் இருக்கிறது என்று கண்ணுக்கு உடனே பட்டுவிடும். இன்னும் ஏறினால் தோள் பெருத்து அடி மறையும். இறங்கினால் வாய் வெறும் கோடாகி, பானை நிழலுருவமாகும். லாபுவின் வாய் சின்னது. அந்த நீள்வட்டமும் நூலளவுதான். அந்த நூலின் முன் விளிம்பில் ஒரு சின்ன வெளிச்சம் ஏறி உட்காரும்படி வெள்ளை அட்டையை நகர்த்தினால், வாய் விளிம்பின் கனம் தெரியும். கனமான வாயா, ஒடுக்கிய வாயா, கடைசியில் கட்டைவிரலால் மடித்து அமுக்கிய வாயா என்று தெரிகிற இடம் அது ஒன்றே.

பின்திரையைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. வெறும் சாம்பல் காகிதம் போதும். கீழே வெளிறி, மேலே போகப் போக இருளும் காகிதமாக இருந்தால் இன்னும் நல்லது. அடிப்பக்கம் வெளிச்சத்தில் ஊன்றி நிற்கும். கழுத்து இருளுக்குள் ஏறும். கருப்புப் பானைக்குக் கருந்திரை கூடாது, ஓரங்கள் கரைந்துவிடும். வெண்திரையும் கூடாது, கண் கூசி, பானைக்குள் இருக்கும் சாயல்களைப் பார்க்க மறுக்கும். பாத்தேக் துணி விரித்து, செம்பருத்தி சாய்த்து, வாழையிலை போட்டு எடுத்த படங்களைச் சுற்றுலாத் துண்டறிக்கைகளில் நிறையப் பார்க்கிறோம். அவை பானையை நினைவுப்பொருளாக்குகின்றன. கையால் கட்டிய ஒரு பாத்திரம் தனியாக நிற்கத் தகுதியுள்ளது. அதற்குத் துணை வேண்டியதில்லை. தரையில் விழும் அதன் நிழல் போதும். நிழல் இல்லாமல் வெட்டி எடுத்த படங்களில் பானை மிதக்கும். மண்ணால் செய்த ஒன்றுக்கு அதைவிட அவமானம் இல்லை.

எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதைப் படமெடுப்பவர் தீர்மானிக்கக் கூடாது. சாயோங்கில் பானை செய்யும் மாக்சிக் (மலாய் அம்மா) ஒருவரிடம் பானையைப் படத்துக்குக் கேட்டால், கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். உருண்டைப் பாத்திரத்துக்குப் பக்கம் ஏது என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தெரியும். அச்சுப் பதித்த வரிசை தொடங்கிய இடமும் முடிந்த இடமும் எங்கோ ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அங்கே ஒரு பூவுக்குப் போதுமான இடம் மிஞ்சியிருக்காது. பாதிப்பூ நெருக்கி உட்கார்ந்திருக்கும். அவர் அதைப் பின்பக்கம் திருப்பி வைப்பார். முதல் படத்துக்கு அவர் சொல்வது சரி. ஆனால் அந்தச் சந்திப்பைத்தான் நான் நுணுக்கப் படமாகக் கேட்பேன். ஒவ்வொரு பூவையும் தனித்தனியாகக் கண்ணளவில் இடம் பார்த்துக் கை பதித்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

அச்சுப் பதிந்த பள்ளங்களில் வெளிச்சம் செய்கிற காரியம் தனி. மெருகுக் கல் மேடுகளில்தான் ஓடும், பள்ளத்துக்குள் போகாது. அதனால் பூவின் உட்பக்கம் சொரசொரப்பாகவே இருக்கும். மெருகுள்ள இடம் வெளிச்சத்தைத் திருப்பினால் வெள்ளை, இல்லையென்றால் அடர்கருப்பு, இரண்டில் ஒன்று. சொரசொரப்பான இடமோ எப்போதும் ஒரே அடர்சாம்பல். எனவே வெளிச்சக் கோடு அச்சு வரிசையைக் கடக்கும்போது வெள்ளைப் பின்னணியில் கரும்பூவாகத் தெரிவது, கோட்டுக்கு வெளியே போனதும் கருப்புப் பின்னணியில் சாம்பல் பூவாகிவிடும். ஒரே அச்சு, ஒரே வரிசை, இரண்டு தோற்றம். பானையைச் சற்று நகர்த்தி, கோட்டின் ஓரம் ஒரு பூவின் நடுவில் விழும்படி வைத்தால் ஒரே பூவுக்குள் இரண்டையும் பிடித்துவிடலாம்.

இந்த வித்தையை உலகுக்குக் காட்டியவர்கள் நியூ மெக்சிகோவில் சான் இல்டெஃபோன்சோ ஊரின் மரியா மார்ட்டினெஸும் அவர் கணவர் ஜூலியனும். அவர்களும் சக்கரமில்லாமல் கையால் கட்டி, கல்லால் மெருகேற்றி, சாணத்தூளைப் போட்டு நெருப்பை மூடிக் கருக்கினார்கள். 1919 வாக்கில் மெருகுக் கருப்பின்மேல் மங்கல் கருப்பால் ஜூலியன் தீட்டத் தொடங்கினார். கருப்பின் மேல் கருப்பு! வெளிச்சம் சரியாக விழாவிட்டால் அந்த ஓவியம் படத்தில் இருக்கவே இருக்காது. இன்று அவர்கள் பாண்டங்கள் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நாம் அவற்றைப் பார்ப்பது பெரும்பாலும் படங்களில்தான்.

நடுவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். முன்பு 35 மில்லிமீட்டர் ஸ்லைடு. இருட்டறையில் ஒருவருடைய நாலைந்து ஸ்லைடுகளைப் பக்கம் பக்கமாகத் திரையில் விழச்செய்து, சில விநாடிகளில் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்தவருக்குப் போவார்கள். 2004-இல் கோடாக் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதை நிறுத்தியது. பிறகு எல்லாம் கணினித் திரை. விநாடிகள் மட்டும் கூடவில்லை. ஜப்பானில் 1986 முதல் நடக்கும் மினோ சர்வதேச மட்பாண்டப் போட்டியாகட்டும், இத்தாலியின் ஃபயென்சா பரிசாகட்டும், முதல் வடிகட்டல் படத்தை வைத்துத்தான். இங்கே 1979-இல் தொடங்கிய கிராஃப்தாங்கான் மலேசியா கைவினைஞர்களை வளர்க்கிறது. 2017-இல் அமைந்த செண்டானா கலைஞர்களுக்கு நிதியுதவி தருகிறது. கதவுகள் இருக்கின்றன. பானை செய்பவர்கள் படம் சரியில்லாமல் அவற்றின் வெளியே நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

சக்கரமும் இல்லை, மெருகுப் பூச்சும் இல்லை, இதை யார் பெரிய இடத்தில் மதிப்பார்கள் என்று நினைக்கவேண்டாம். 2018-இல் லோவே அறக்கட்டளையின் கைவினைப் பரிசு ஸ்காட்லாந்தில் பிறந்த ஜெனிஃபர் லீக்குக் கிடைத்தது. அவர் பாத்திரங்களும் கையால் கட்டியவைதான். பூச்சு கிடையாது, உலோக ஆக்சைடுகளைக் களிமண்ணிலேயே பிசைந்து நிறம் எடுக்கிறார். அவற்றின் படங்களைப் பார்த்தால் வெறும் பின்னணி, ஒரு பக்க வெளிச்சம், கொஞ்சம் நிழல். வேறொன்றும் இல்லை. வாய் விளிம்பு இம்மி சாய்ந்திருப்பது அதில் துல்லியமாகத் தெரியும். சாயோங் பானைக்கும் இதே மரியாதை செய்யலாம்.

மெருகுப் பூச்சுள்ள பாத்திரத்தின் வெளிச்சம் எப்படி என்று பார்க்க நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது: தோட்டத்து மங்கு. வெட்டுக்கோட்டின் கீழே கம்பியில் செருகி, பால் சொட்டச் சொட்ட நின்ற அந்தச் சின்னக் கிண்ணம். ஜொகூரின் ஆயர் ஈத்தாமிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் நீண்ட டிராகன் சூளைகளில் இவற்றைக் கணக்கில்லாமல் சுட்டார்கள். பால் உறைந்தால் உரித்தெடுக்க வசதியாக உள்ளே கண்ணாடிப் பூச்சு. ஈப்போவின் பழம்பொருள் கடைகளில் இன்னும் கிடைக்கும். ஒன்றை வாங்கி உள்ளே வெளிச்சம் விழவைத்துப் பாருங்கள். பூச்சு அடியில் சற்றுத் தேங்கி, கனத்து, நிறம் அடர்ந்திருக்கும். விளிம்பில் வழிந்து மெலிந்து அடிமண் தெரியும். பழைய பாலின் கருத்த வளையம் சிலவற்றில் இன்னும் ஒட்டியிருக்கும். எத்தனையோ காலைகளில் நம் பெண்கள் விரலால் வழித்துத் துடைத்த உட்பக்கம் அது. கூட்டம் கூட்டமாகச் செய்த பொருள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் பூச்சு தேங்கிய விதம் வேறு. இதைப் படமெடுக்கப் பழகியவருக்கு எந்தப் பூச்சுப் பாத்திரமும் பயமில்லை.

சாயோங்கில் இப்போது பெரும்பாலான லாபு ஜிப்சம் அச்சில் களிக்குழம்பு ஊற்றி வார்க்கப்படுகிறது. பிழைப்புக்கு அது வேண்டும். குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் அதை மறைக்காது. அச்சு இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய தழும்பு இருக்கும். அதைத் தேய்த்து எடுத்தாலும் பக்கவெளிச்சத்தில் ஒரு தட்டையான பட்டையாகத் தெரியும். தோளில் விழும் வெளிச்சக் கோடும் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஓடும். கையால் கட்டிய பானையைச் செய்கிறவர் இந்த வேறுபாட்டைத் தன் படத்தில் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். தட்டுப்பலகை பட்ட மெல்லிய முகங்களை, கூழாங்கல் நடந்த தடத்தை, நெருங்கி எடுத்த இரண்டாவது மூன்றாவது படங்களில் கொண்டுவர வேண்டும். நெருங்கி எடுத்த படத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. படத்துக்கு அளவு கிடையாது. சாண் உயரப் பானையும் ஆளுயரப் பானையும் திரையில் ஒன்றே. கல்லின் தடம் விரல் அகலம் என்பது எந்த ஊர் நடுவரின் கைக்கும் தெரியும். அதை வைத்து அவர் பானையின் அளவைத் தானே உணர்ந்துகொள்வார். விண்ணப்பத்தில் எழுதிய சென்டிமீட்டர் அப்புறம்தான்.

நடுவர்கள் முதலில் பார்ப்பது சின்னத் திரைக்கட்டத்தில் என்பதால் முதல் படத்தைக் கைப்பேசியில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த அளவிலும் தோள், கழுத்து, கோடு மூன்றும் தெரிந்தால் போதும்.

கடைசிப் படம் ஒன்றுக்காக வாதாடுகிறேன். அடியைக் காட்டுங்கள். பலரும் அனுப்புவதில்லை, விதிமுறை தடுக்காத இடங்களிலும் அனுப்புவதில்லை. பானை உட்கார்ந்த இடத்தில் மெருகுக் கல் ஓடியிராது. உமி நேராக அழுந்திக் கருகிய கோடுகள் அங்கேதான் இருக்கும். நிறம் மாறிய திட்டு இருக்கும். பச்சையில் தூக்கி வைத்த விரல்களின் பதிவு சில சமயம் இருக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் கீழே துணிச் சுருளை வளையமாகச் சுற்றிப் பானையைச் சாய்த்து வையுங்கள். சுருள் சட்டத்துக்குள் வரக்கூடாது. விளக்கையோ ஜன்னலையோ பக்கவாட்டில் நன்றாகத் தாழ்த்துங்கள், ஏறக்குறைய அடிப்பரப்பை உரசிக்கொண்டு போகும் அளவுக்கு. லென்ஸ் நேர் எதிரே. மற்ற படங்களைவிட இதில் வெளிச்சத்தை அரை ஸ்டாப் கூட்டலாம். மெருகில்லாத மண் அதைத் தாங்கும்.